பிளவுகளுக்கு நடுவே நடந்த துறவி

மட்டக்களப்பு வாவியின் நடுவே கிடக்கும் புளியந்தீவு மிகச் சிறிய நிலப்பரப்பு. ஆயினும் ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள் தமக்குள் நடத்திய சண்டைகளின் தடயங்களை அங்கே ஒரு காலை நடைக்குள் பார்த்துவிடலாம். 1628இல் போர்த்துக்கேயக் கத்தோலிக்கர் எழுப்பிய கோட்டையை 1638இல் கண்டி அரசனின் துணையோடு வந்த ஒல்லாந்தக் கல்வினியர் கைப்பற்றினர். அக்கோட்டைக்கு அருகிலேயே கத்தோலிக்கரின் மரியன்னை பேராலயம் இருக்கிறது. 1814இல் தன்னந்தனியாக இங்கு வந்து, பள்ளிகளைத் தொடங்கி, எட்டு மாதங்களிலேயே மாண்டுபோன வில்லியம் ஓல்ட் என்னும் வெஸ்லியன் மிசனரியின் நினைவாக மெதடிஸ்த ஆலயமும் கல்லூரியும் நிற்கின்றன. ஆங்கிலேய ஆட்சியின் எச்சமாக அங்கிலிக்கன் ஆலயம் இருக்கிறது. இவை போக, போர்க் காலத்திலும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னரும் வாவியின் இரு கரைகளிலும் தோன்றிய சுயாதீன சபைகள் பல. ஒவ்வொன்றும் வெவ்வேறு கப்பலில் வந்து இறங்கிய கிறிஸ்தவம் என்று சொன்னால் மிகையாகாது.

இவர்களுக்கிடையே வெளிப்படையான பகை இல்லை. ஆனால், பழைய சபைகளின் உறுப்பினர்கள் புதிய சபைகளுக்குச் செல்லும்போது எழும் கசப்பும், ஒருவர் பெற்ற ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்க மறுப்பதும், ஒரே குடும்பத்தின் திருமணத்திலும் மரண வீட்டிலும் வெளிப்படும் முகச்சுழிப்பும் இப்பகுதியை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அவை கத்தோலிக்க ஆலயங்கள். மட்டக்களப்பில் வெடித்ததோ சீயோன் தேவாலயம் என்னும் சுயாதீன சபையில். ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள் பலர் அங்கே உயிரிழந்தனர். கொன்றவன் சபை வேறுபாடு பார்க்கவில்லை. அந்த வாரம் வாவிக்கரையில் நடந்த நல்லடக்கங்களில் கலந்துகொண்டவர்களும் பார்க்கவில்லை. துயரத்தில் மறந்துபோன அந்த வேறுபாடு, துயரம் ஆறிய பின்னர் எவ்விதம் திரும்பி வருகிறது என்பதுதான் கேள்வி.

அந்த ஏப்ரல் 21ஆம் திகதி இன்னொருவரின் பிறந்த நாளும் ஆகும். 1651இல் அதே திகதியில் கோவாவின் பெனாலிம் கிராமத்தில் பிறந்த யோசவ்வாஸ் அடிகளாரை இலங்கைக் கத்தோலிக்கர் தம் நாட்டின் அப்போஸ்தலர் என்று போற்றுகின்றனர். 1995 ஜனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். பீடங்களில் வைக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. அற்புதங்கள் அவர்களுடைய நடத்தையை மறைத்துவிடுகின்றன. இங்கு நாம் காண முயல்வது, தம்மோடு உடன்படாத கிறிஸ்தவர்களிடம் அவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதை.

கொங்கணி பேசும் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ், தாய் மரியா தெ மிராந்தா. சங்கோலே கிராமத்தில் போர்த்துக்கேய மொழியும் பெனாலிமில் இலத்தீனும் கற்று, கோவா நகரில் இயேசு சபையாரிடமும் தொமினிக்கன் சபையாரிடமும் மேற்படிப்பு முடித்து, 1676இல் குருவானார். குருவான பின் காலணி அணிவதை விட்டுவிட்டார் என்பர். கோவாவின் ஆட்சியாளர்களும் உயர் குருக்களும் பல்லக்கில் சென்ற காலம் அது.

இலங்கையில் ஒல்லாந்தரின் தடையால் கத்தோலிக்கர்கள் ஒரு குருவும் இன்றித் தவிக்கிறார்கள் என்ற செய்தி கேட்டு, அங்கு செல்லவே அவர் விரும்பினார். மேலிடம் 1681இல் அவரை அனுப்பியதோ கனரா நாட்டுக்கு, இன்றைய மங்களூர்ப் பகுதிக்கு. அங்கே அவரை எதிர்கொண்டது வேற்றுச் சமயத்தவரின் எதிர்ப்பு அல்ல. கத்தோலிக்கருக்குள்ளேயே மூண்டிருந்த ஒரு வழக்கு. இது சற்று விரித்துச் சொல்லப்பட வேண்டிய கதை.

கீழைத் தேசங்களில் ஆயர்களை நியமிக்கும் உரிமையைப் பாப்பரசர்கள் முன்னாளில் போர்த்துக்கல் அரசருக்கு வழங்கியிருந்தனர். பதுரவாதோ என்று அதற்குப் பெயர். போர்த்துக்கலின் வலிமை குன்றியபோது, 1622இல் உரோமாபுரி புரொப்பகாந்தா என்ற பெயரில் தனிச் செயலகம் ஒன்றை அமைத்துத் தானே மறைபரப்புப் பிரதிநிதிகளை அனுப்பத் தொடங்கியது. ஆக, ஒரே ஊரில் இரண்டு அதிகாரங்கள். கனராவில் புரொப்பகாந்தாவின் பிரதிநிதியாக இருந்தவர் ஆயர் தோமாஸ் தெ கஸ்திரோ. அவரும் கோவா மண்ணின் மைந்தரே. கோவாவின் திருச்சபை நிர்வாகமோ அவருக்கு அங்கு அதிகாரமே இல்லை என்றது. ஒரு தரப்புக் குரு அளித்த பாவமன்னிப்பும் செய்துவைத்த திருமணமும் செல்லுமா, செல்லாதா என்று எளிய மக்கள் கலங்கி நின்றனர். பெரியவர்களின் ஆவணச் சண்டையில் தம் பிள்ளைகளின் திருமணம் தொங்கி நிற்பதைக் கண்ட அந்த மக்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

முப்பது வயதே நிரம்பிய வாஸ் அடிகள் கோவா நிர்வாகத்தின் பிரதிநிதியாக அங்கு சென்றார். சட்டம் தம் பக்கம் இருப்பதாக நம்புவதற்கு அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அவரோ ஆயரை நேரில் சென்று கண்டு, ஓர் ஆயருக்கு உரிய மரியாதையைக் குறைவின்றிச் செலுத்தினார். கடுமையான நடவடிக்கைகளுக்கு அவசரப்படாமல், உரோமாபுரியின் தீர்ப்பு வரும்வரை பொறுத்திருக்கும்படி தம்மை அனுப்பியவர்களையே வேண்டிக்கொண்டார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். தம் நிலைப்பாட்டை அவர் கைவிட்டதாகத் தெரியவில்லை. கைவிட்டிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். கடுமை காட்டியிருந்தாலும் ஒருவகையில் முடிந்திருக்கும். இரண்டும் செய்யாமல், முடியாத ஒரு வழக்கின் நடுவே மூன்று ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து, சிதைந்த ஆலயங்களைச் செப்பனிட்டு, பள்ளிகள் அமைத்து, மக்களின் கலக்கத்தைத் தணித்தார். வாதத்தில் வெல்வதைவிட இது கடினமான வேலை என்பதே நம் கருத்து. ஒரு தரப்பின் ஊழியராக இருந்துகொண்டு மறுதரப்பின் மானத்தைக் காப்பவரை இரு தரப்பும் ஐயத்தோடுதான் பார்க்கும்.

1684இல் கோவா திரும்பினார். இந்தியர்களைத் தம் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள ஐரோப்பியத் துறவற சபைகள் பொதுவாக மறுத்துவந்த காலம். கூட்டு வாழ்வு நடத்த விரும்பிய சில கோவாக் குருக்கள் 1685இல் அமைத்த குழு அவரைத் தலைவராக ஏற்றது. அதுவே ஒரட்டோரியன் சபையாக உருப்பெற்றது. இந்நாட்டவரே அமைத்து, இந்நாட்டவரே நடத்திய துறவற சபை என்ற பெருமை அதற்கு உண்டு. அதே வேளை, வெள்ளையரின் ஒதுக்குதலுக்கு விடையாகப் பிறந்த அச்சபை பிராமணக் குலத்தவருக்கு மட்டுமே கதவைத் திறந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுக்கக் கற்றுக்கொள்வது நம் நாடுகளின் பழைய நோய். வாஸ் அடிகள் அந்த விதியை எதிர்த்ததாகச் சான்று இல்லை. அவருடைய பிற்கால வாழ்க்கை, எந்தக் குலத்தவர் கையிலும் இரந்து உண்ணும் வாழ்க்கையாக அமைந்தது.

அதே 1685இல்தான் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன், புரட்டஸ்தாந்தியருக்கு அளிக்கப்பட்டிருந்த சமய உரிமையை இரத்துச் செய்து, இலட்சக்கணக்கானோரை நாட்டைவிட்டு ஓடச் செய்தான். இங்கிலாந்தில் 1689இல் இயற்றப்பட்ட சகிப்புச் சட்டம் கத்தோலிக்கரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இலங்கையின் கரையோரங்களில் கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தர் 1658லேயே அறிவித்திருந்தனர். கத்தோலிக்க நாடுகளில் புரட்டஸ்தாந்தியருக்கும், புரட்டஸ்தாந்து நாடுகளில் கத்தோலிக்கருக்கும் ஒரே கதி. ஒல்லாந்தக் கம்பனிக்குச் சமயப் பற்றைக் காட்டிலும் அரசியல் அச்சமே மிகுதி என்பதும் உண்மை. அவர்கள் கண்ணில் ஒவ்வொரு கத்தோலிக்கக் குருவும் போர்த்துக்கல்லின் ஒற்றன்.

1686இல் யோவான் என்னும் பணியாளோடு அடிகள் கோவாவை விட்டுப் புறப்பட்டார். மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடி வந்து, தமிழ் கற்று, 1687இல் கூலியாள் கோலத்தில் தோணி ஏறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். கடற்பயணத்தின் பசியும் தாகமும் வயிற்றுக் கடுப்பாக முற்றி, வழியோரத்தில் கிடந்தார். கஞ்சி கொடுத்து அவரைக் காத்தவள் பெயர் தெரியாத ஒரு தமிழ்ப் பெண். எழுந்து நடக்க முடிந்தபோது கழுத்தில் செபமாலை ஒன்றை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுக்கத் தொடங்கினார். யார் கத்தோலிக்கர் என்று கேட்டறிய வழி இல்லை; கேட்டால் கேட்டவருக்கும் சொன்னவருக்கும் ஆபத்து. செபமாலையைக் கண்ட மாத்திரத்தில் எவர் முகம் மாறுகிறது என்று பார்ப்பது ஒன்றே வழி. பிச்சைக்காரனுக்கு எவரும் கதவைத் திறப்பர். எவரும் அவனைப் பொருட்படுத்தமாட்டார்கள். கதவைத் திறந்தவர்களுள் சிலர் அந்த மாலையை நெடுநேரம் பார்த்தனர். இவ்விதமாகத்தான் முப்பது ஆண்டுகளாகக் குருவைக் காணாத ஒரு சமூகம் தன் குருவைக் கண்டுகொண்டது. பின்னர் அவரைச் சில்லாலைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று மறைத்து வைத்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் தேடிய கத்தோலிக்கர்களுள் பலர் வெளித்தோற்றத்தில் ஒல்லாந்தச் சபையினர். பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்து, சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் பெற்று, உத்தியோகத்துக்காகவும் காணி உரிமைக்காகவும் ஆலயத்துக்குச் சென்றவர்கள். இரவில் வீட்டுக்குள் பழைய செபங்களைச் சொல்லிவந்தனர். கோழைகள் என்று அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. அடிகளோ அவர்களின் பாவமன்னிப்பைக் கேட்டு, வீட்டுத் திண்ணையிலும் பனந்தோப்பிலும் நள்ளிரவில் திருப்பலி ஒப்புக்கொடுத்து, விடியுமுன் வேறு இடம் சென்றார். அச்சத்தில் வாழ்பவர்களின் விசுவாசத்தை அளப்பதற்குத் தாம் யார் என்ற எண்ணம் அவரிடம் இருந்ததாகவே கொள்ள வேண்டியிருக்கிறது.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி புளோரிஸ் புளொம் அனுப்பிய படையினர் திருப்பலிக்குக் கூடியிருந்த வீடுகளைச் சுற்றி வளைத்தனர். பெருந்தொகையானோர் சிறைப்பட்டனர். ஒல்லாந்தச் சபையை விட்டுக் கத்தோலிக்கராக மாறியிருந்த தொன் பேதுரு என்பவர் சித்திரவதையால் உயிர்நீத்தார். அடிகள் தப்பினார். தமக்காகப் பிறர் அடிபட்டார்கள் என்னும் நினைவோடு அவர் வன்னி வழியாகப் புத்தளம் சென்றார். அங்கிருந்து 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார்.

கண்டியில் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் ஆட்சி. அங்கே அவரை முந்திக்கொண்டு ஒரு குற்றச்சாட்டு காத்திருந்தது. இலனெரொல் என்ற பிரெஞ்சுக்காரர், சமயத்தால் கல்வினியர், அரசவையில் செல்வாக்குப் பெற்றவர், வருபவர் போர்த்துக்கேய ஒற்றன் என்று மன்னனிடம் தெரிவித்திருந்தார். பௌத்த அரசனிடம் ஒரு கிறிஸ்தவர் இன்னொரு கிறிஸ்தவரைக் காட்டிக்கொடுத்த கதை இது. அடிகளும் உடன் வந்தவர்களும் காவலில் வைக்கப்பட்டனர். ஒற்றன் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. காவல் மெல்லத் தளர்ந்தது. சிறை வளாகத்திலேயே ஓலைக் கொட்டகை ஒன்றைப் போட்டு, 1692ஆம் ஆண்டு நத்தார் திருப்பலியை நிறைவேற்றினார். அங்கேயே சிங்களம் கற்றார்.

பின்னர் ஏற்பட்ட வறட்சியில் அவர் செபித்து மழை பெய்வித்தார் என்பது மரபு. நம்புவோர் நம்பட்டும். 1697இல் நடந்ததற்கு நம்பிக்கை தேவையில்லை, அது வரலாறு. கண்டியில் வைசூரி பரவியது. மன்னன் தலைநகரை விட்டு நீங்கினான். நோய் கண்டவர்களை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. அடிகளும் அவருடைய உறவினரான யோசே தெ கர்வால்யோ அடிகளும் கைவிடப்பட்ட வீடுகளை மருத்துவமனைகளாக்கி, நோயாளர்களைத் தூக்கி வந்து கிடத்தி, உணவூட்டி, இறந்தவர்களைத் தம் கையாலேயே புதைத்தனர். நோயாளர்களுள் பெரும்பாலோர் பௌத்தர்கள். அடிகள் இல்லையேல் தெருவெங்கும் பிணங்கள் கிடந்திருக்கும் என்று மன்னனே கூறியதாக அறிகிறோம்.

அதன் பின் அரண்மனையில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. கரையோரத்தில் தம் மக்களை ஒல்லாந்தக் கல்வினியர் ஒடுக்கிக்கொண்டிருந்த அதே நாள்களில், மலைநாட்டில் கல்வினியர்களின் நிலை அவருடைய ஒரு சொல்லில் பாதிக்கப்படக்கூடியதாக இருந்தது. அந்தச் சொல்லை அவர் சொன்னதாக எந்த வரலாறும் குறிப்பிடவில்லை. தம்மைக் காட்டிக்கொடுத்தவர் மீது அவர் வழக்குத் தேடவுமில்லை. அக்கால ஐரோப்பாவில் அரசனின் காதை எட்டிய குருக்கள் செய்தவற்றை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். பதினான்காம் லூயியின் அரண்மனையில் அந்தச் சொல்லைச் சொல்ல ஆள்கள் இருந்தார்கள்.

1696இல் கொச்சி ஆயர் அவரை இலங்கைக்கான தம் பதிலாளாக நியமித்தார். கோவாவிலிருந்து புதிய குருக்கள் வந்து சேரவே, நாடு பங்கிடப்பட்டது. கிழக்குக் கரையில் கோட்டைகள் ஒல்லாந்தர் வசம். உள்நாட்டு வன்னிமைகளில் கண்டியின் செல்வாக்கு. இந்த இரட்டை ஆட்சியின் இடுக்கில்தான் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் ஒரட்டோரியன் குருக்களின் பாதை அமைந்தது. அடிகளாரின் பயணங்களும் மட்டக்களப்பு வரை நீண்டன என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். வாவிக்கரையில் அன்று கத்தோலிக்கர் என்றால், போர்த்துக்கேயர் வழிவந்த சில குடும்பங்களும், கடல்தொழில் செய்த தமிழ்க் குடும்பங்கள் சிலவும்தாம். கோட்டையின் பீரங்கிக்கு எட்டிய தொலைவில் அவர்களுக்கு ஆலயம் இல்லை. அதற்கு அப்பால் ஓலைக் குடில் ஒன்று போதுமானதாயிருந்தது.

1703-04இல் பாப்பரசரின் தூதராகச் சீனம் செல்லும் வழியில் புதுச்சேரியில் தங்கியிருந்த தெ தூர்னோன், வாஸ் அடிகளை ஆயராக உயர்த்தி இலங்கைக்கு உரோமாபுரியின் நேரடிப் பிரதிநிதியாக்க விரும்பினார். கனராவில் கண்ட அதே சிக்கல், இம்முறை பரிசுப் பொருளாக வந்தது. ஏற்றிருந்தால் இந்நாட்டவர் ஒருவர் ஆயராவது என்ற பெருமை கிட்டியிருக்கும். கூடவே பதுரவாதோவுக்கும் புரொப்பகாந்தாவுக்கும் இடையிலான வழக்கு இலங்கைக்கும் வந்து, ஏற்கெனவே மறைந்து வாழும் மக்கள் மறுபடியும் இரு கூறாகியிருப்பர். அடிகள் மறுத்துவிட்டார். தகுதியின்மையே காரணம் என்று பணிவோடு சொல்லப்பட்ட மறுப்பு அது. கனராவின் மூன்று ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு அதன் பின்னே வேறொரு விவேகமும் தெரியும்.

1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளைப் பற்றி இங்கே குறிப்பிட வேண்டும். தமிழர் அவரைச் சாங்கோபாங்க சுவாமி என்பர். தபசு காலத்தில் வாசிக்கப்படும் வியாகுல பிரசங்கம் அவர் எழுதியதே. தமிழிலும் சிங்களத்திலும் பெரும் புலமை பெற்ற அவர், கல்வினியக் கொள்கையைக் கண்டித்தும் நூல்கள் எழுதினார். குருவின் வழிக்கு இது மாறானதா என்று கேட்கத் தோன்றும். மாறானது என்று நாம் கருதவில்லை. வாஸ் அடிகளை இன்றைய சர்வ சபை ஐக்கியத்தின் முன்னோடி என்று காட்ட முயல்வோர் உண்டு. அது அவருக்குப் பொருந்தாத சட்டை. கல்வினியம் தவறு என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. ஒல்லாந்தச் சபையில் இருந்தவர்களைத் தம் பக்கம் அழைக்கவும் அவர் தயங்கவில்லை. தொன் பேதுருவின் மரணமே அதற்குச் சாட்சி. எல்லாச் சபையும் ஒன்றே என்று அவரிடம் சொல்லியிருந்தால் திடுக்கிட்டிருப்பார். ஆனால் அந்த உறுதியைத் தாங்கி நிற்க அவர் ஆணையையோ, அரசனையோ, ஆயர் பதவியையோ தேடவில்லை. கழுத்தில் ஒரு மாலை, கையில் ஒரு திருவோடு. ஏற்பவர் ஏற்கலாம், கதவைச் சாத்துபவர் சாத்தலாம்.

வேறுபாட்டை மழுப்பினால்தான் பணிவு என்ற எண்ணம் இன்று நம்மிடையே பரவலாக உள்ளது. சபைகளின் கூட்டு வழிபாடுகளில், மனம் புண்படக்கூடிய எதையும் எவரும் பேசுவதில்லை. கூட்டம் கலைந்த பின்னர் வீட்டில் பேசுகிறார்கள். மறுபுறம், உண்மை தம்மிடம் இருப்பதால் மற்றவரின் ஆலயத்தை இழித்துப் பேசவும், நோயுற்றவரின் கட்டிலருகே சென்று அவருடைய சபையைக் குறைகூறவும் உரிமை உண்டு என்று நினைப்பவர்களும் உள்ளனர். வைசூரிக் கட்டில்களின் அருகே ஓர் ஆண்டுக்கு மேல் நின்றவர் இந்த இரண்டிலும் சேராதவர்.

இடைவிடாத நடையாலும் நோயாலும் நலிந்து, 1711 ஜனவரி 16இல், அறுபது வயது நிறையுமுன்னே, கண்டியில் அடிகள் காலமானார். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் விட்டுவந்த கோவாவை அவர் மீண்டும் காணவேயில்லை. அப்போது ஆட்சியிலிருந்த நரேந்திரசிங்க மன்னனும் அவரிடம் மதிப்புக் கொண்டிருந்தான். ஆனால், அரச தயவு தலைமுறை தாண்டி நீடிக்கவில்லை. அடுத்து வந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கனின் காலத்தில், 1740களில், குருக்கள் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர், ஆலயமும் அழிந்தது.

கரையோரத்தில் கதை வேறு விதமாகத் திரும்பியது. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து, 1806இல் ஆங்கிலேய ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார். அடுத்த சில ஆண்டுகளில், பதிவேட்டில் மட்டும் சீர்திருத்தச் சபையினராக இருந்த பெருந்தொகையினர் அதனை விட்டு அகன்றனர். சட்டத்தால் சேர்த்த கூட்டம் சட்டத்தோடு போயிற்று. மட்டக்களப்பில் இன்னும் வினோதமான ஒன்று நிகழ்ந்தது. இங்கு வாழும் பறங்கியருள் ஒல்லாந்தக் குடும்பப் பெயர் தாங்கிய பலர் உள்ளனர். கோட்டையிலிருந்து கத்தோலிக்கரைக் கண்காணித்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று அவர்களுள் சிலரையேனும் சொல்லலாம். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்த மொழி போர்த்துக்கேயக் கிறியோல். அவர்களின் சமயம் கத்தோலிக்கம். யார் எப்போது யாரை வென்றார்கள் என்று அந்தக் குடும்பங்களில் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாயிற்று. ஜனவரி 16ஆம் திகதி யோசவ்வாஸ் அடிகளின் திருநாள். கண்டியில் அவரை அடக்கம் செய்த இடம் எது என்பது இன்றுவரை கண்டறியப்படவில்லை.